இரண்டு காலி வாளியோடு வந்தவள்

ஈரியா அந்த மலையூருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போர்ச்சுகலில் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பெண். ஐரோப்பாவில் இளைஞர்களுக்கென்று ஒரு தொண்டர் திட்டம் இருக்கிறது. தங்க இடம் கொடுத்து, கைச்செலவுக்கும் கொஞ்சம் கொடுத்து, வேறு நாட்டில் ஒரு வருஷம் இருந்து ஏதாவது உருப்படியாகச் செய்துவிட்டு வா என்று அனுப்புவார்கள். அவளுடைய சிநேகிதிகள் எல்லாம் பெரிய பெரிய நகரங்களாகப் பார்த்து எழுதிப்போட்டார்கள். இவள் மட்டும் பல்கேரியாவில் கமென்டோல் என்ற ஊரைக் குறித்துக் கொடுத்தாள். வரைபடத்தில் எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் அந்த ஊர் தெரியவில்லையாம், அதனால்தானாம். கொழுப்புதான், வேறென்ன.

ஆனால் கமென்டோலுக்கு அந்தக் கொழுப்புப் பிடித்துவிட்டது. ஊர் வாசகசாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஏதாவது சொல்லிக்கொடு என்றார்கள். முதல் வாரம் பிள்ளைகள் இவளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அவர்கள் மொழி வராது, அவர்களுக்கு வெட்கம் விடாது. ஒருநாள் பொறுமை போய், தரை துடைக்க வைத்திருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். அவள் ஊர்த் திருவிழாக்களில் மார்பளவு முரசைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள், அந்த அடி. அவ்வளவுதான். மறுநாள் பிள்ளைகள் ஆளுக்கொரு வாளி, பெயின்ட் டப்பா, எண்ணெய் டின் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சத்தம் தாங்காமல் திட்ட வந்த ஊர்த் தலைவர், வாசலில் நின்று காலால் தாளம் போட்டுவிட்டுத் திட்டாமலே திரும்பிப் போனார். புத்தாண்டுக்கு ஊர்ச் சதுக்கத்தில் கச்சேரி என்று முடிவாகிவிட்டது.

வந்த மூன்று மாதத்தில் அவள் செய்யாத கோமாளித்தனம் இல்லை. முதல் பனி பெய்த அன்று வீட்டுச் செருப்போடு தெருவில் ஓடி, பனியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு கத்தினாள். ஊறுகாய் மிளகாயைத் தக்காளி என்று நினைத்து முழுசாகக் கடித்தாள். தெருவில் எதிர்ப்படுகிற எல்லாரையும் அத்தை, மாமா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டு, அவளைவிடச் சின்னவனான தபால்காரனையும் மாமா என்று கூப்பிட்டு அவனைச் சிவக்க வைத்தாள். ஊருக்கே அவள் ஒரு செல்லம்.

அந்தச் செல்லத்தில் பெரும்பங்கு வெலிகா கொடுத்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பதைத் தாண்டியவள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். வாளி பற்றாக்குறை என்று கேள்விப்பட்டதும் தன் வீட்டுத் துத்தநாக வாளிகள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இது என் கல்யாணத்துக்கு வந்தது. நசுக்கினே, உன்ன நசுக்கிப்புடுவேன்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பரில்தான் சனி பிடித்தது. வாசகசாலையின் வெந்நீர் கொதிகலன் வெடித்துக் குழாயெல்லாம் உறைந்துபோய், மாடியில் ஈரியா இருந்த அறை ஐஸ்பெட்டியாகிவிட்டது. நகரத்திலிருந்த தொண்டர் அலுவலகத்தில் தேசி என்பவள்தான் இவளுக்குப் பொறுப்பு. நல்லவள், ஆனால் விதியென்றால் விதி. "சூடு இல்லாத ரூம்ல உன்ன விட முடியாது ஈரியா. இருபதாம் தேதிக்குள்ள ஊர்ல யாராவது வீட்ல இடம் குடுத்தா இரு. இல்லன்னா காலைல பத்து மணிக்கு வேன் வரும். இங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை இருக்கு" என்றாள்.

கம்ப்யூட்டர் வேலை! அதற்கா இவள் கடலை விட்டு மலைக்கு வந்தாள்? வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லாரும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள், கண் கலங்கினார்கள், இடம் மட்டும் கொடுக்க முடியவில்லை. ஒரு வீட்டில் ஒரே அடுப்பறை. இன்னொரு வீட்டில் மகள் பிள்ளைகுட்டியோடு வருகிறாள். எல்லாரும் கடைசியில் கை காட்டியது ஒரே திசைதான். வெலிகா வீட்டு மாடியில் ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது?

கேட்டாள். பிள்ளைகள் இறங்கிய பிறகு, காலி பஸ்ஸில், முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டாள். வாய் ஓயாத வெலிகா, மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் வைப்பரைப் போட்டுவிட்டாள். "அது காலின் ரூம்" என்றாள். பஸ்ஸைக் கிளப்பினாள்.

காலின் அவளுடைய ஒரே மகன். ஜெர்மனியில் ஏதோ கிடங்கில் வேலை. ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. அவன் கட்டிலுக்கு மாதாமாதம் உறை மாற்றிப் போட்டு வைத்திருக்கிறாள் வெலிகா. அதைத் தெரிந்துகொண்டபின் ஈரியா மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை.

இருபதாம் தேதி விடிந்தது. ஈரியா பெட்டியைக் கட்டி முடித்து, ஒரு பாட்டம் அழுது, மூக்கைச் சிந்தினாள். பெட்டியின் பூட்டு கையோடு வந்துவிட்டது. கட்டக் கயிறு வேண்டும். அப்போதுதான் வெலிகாவின் வாளிகள் கண்ணில் பட்டன. ஐயோ, இதைக் கொடுக்காமல் போனால் அத்தை என்ன நினைப்பாள்? இரண்டு கையிலும் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடினாள்.

தெரு விசித்திரமாக இருந்தது. அந்நேரத்துக்கு எல்லாரும் வாசலில் பனி தள்ளிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இன்று ஒரு கதவும் திறக்கவில்லை. திரைச்சீலைகள் மட்டும் அங்கங்கே விலகி மூடின. நான் போகிறேன் என்ற துக்கத்தில் யாருக்கும் வெளியே வர மனமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ஈரியா. அந்த நினைப்பில் மறுபடி அழுகை வந்தது.

துக்கமாவது மண்ணாவது! அன்றைக்கு இக்னாட் நாள். அந்த மலைக்காரர்களுக்கு வருஷத்தின் ராசி அன்றைக்குக் காலையில்தான் வீட்டுக்குள் வருகிறது, அதுவும் இரண்டு காலில் நடந்து வருகிறது. யார் முதலில் வாசற்படி தாண்டி உள்ளே வருகிறாரோ, அவர் ராசிதான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க. அந்த ஆளுக்குப் பொலாஸ்னிக் என்று பேர். நல்ல ராசிக்காரராகப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அவர் வந்து போகும்வரை யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். இது அந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். ஈரியாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வது?

வெலிகாவுக்கு இந்த வருஷம் இது உயிர்போகிற காரியம். போன இக்னாட் நாளில் பக்கத்து வீட்டுக்காரன் திருப்புளி கேட்டு உள்ளே புகுந்துவிட்டான், வடிகட்டின துரதிர்ஷ்டசாலி. அந்த வருஷம் முழுக்கக் கோழிகள் முட்டையிட மறந்தன. பஸ்ஸின் கியர்பெட்டி போயிற்று. கோடையில் வருகிறேன் என்று டிக்கெட் வாங்கி வைத்திருந்த காலின், லீவு இல்லை என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மற்றதையெல்லாம் மன்னித்த வெலிகா அந்தக் கடைசி ஒன்றுக்காகப் பக்கத்து வீட்டுக்காரனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதனால் இந்தத் தடவை இலையுதிர் காலத்திலேயே ரொட்டிக்கடை மிரோவைப் பிடித்து வைத்துவிட்டாள். குலுக்கலில் ஃப்ரிட்ஜ் ஜெயித்து, அடுத்த குலுக்கலிலேயே சலவை இயந்திரமும் ஜெயித்தவன். அவனைவிட ராசிக்காரன் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பூசணிப் பணியாரம் சுட்டாயிற்று, வால்நட்டும் ஒயினும் எடுத்து வைத்தாயிற்று, அடுப்பில் கட்டை எரிகிறது. மிரோவைத் தவிர ஓர் ஈ உள்ளே வரக்கூடாது என்று புருஷன் டோன்ச்சோவை வாசலில் காவல் நிறுத்தியிருந்தாள். டோன்ச்சோ ஒரே ஒரு நிமிஷம், கோழிக்கூட்டைப் பார்க்கக் கொல்லைக்குப் போனான்.

அந்த ஒரு நிமிஷத்தில் கதவு படாரென்று திறந்தது. "காலை வணக்கம், அத்தை!" என்றாள் ஈரியா. இரண்டு காலி வாளியையும் முன்னால் நீட்டினாள். "கயிறு இருக்கா? கடன் குடுங்க!"

வெலிகாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"டோன்ச்சோ! யோவ் டோன்ச்சோ! எங்கய்யா போய்த் தொலஞ்ச?"

டோன்ச்சோ ஓடிவந்தான். ஈரியாவைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். "காலி வாளியா? வருஷமே காலியாப் போகுமே!"

"ஒண்ணு இல்ல, ரெண்டு! அதுவும் பத்தாதுன்னு கடன் கேக்கறா!"

"ஒரு கால்தானே வெச்சிருப்பா. அப்படியே பின்னால போகச் சொல்லிட்டா?"

"ரெண்டு காலையும் வெச்சுட்டா. நான் கண்ணால பாத்தேன். வெச்ச கால எங்கய்யா திருப்பி எடுக்கறது? உன்னக் காவலுக்கு நிறுத்தினதுக்கு ஒரு பூனைய நிறுத்தியிருக்கலாம்!"

ஈரியாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாளிக்காகத்தான் சண்டை என்று நினைத்து, "நசுங்கல அத்தை! பாருங்க, ஒரு பள்ளம்கூட இல்ல!" என்று தட்டிக் காட்டினாள். அது கணீரென்று ஒலித்தது. டோன்ச்சோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொண்டாட்டி முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

வெலிகா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வார்த்தைகளாக எல்லாவற்றையும் சொன்னாள். முதல் காலடி, வருஷ ராசி, போன வருஷம், மகன் திருப்பிக் கொடுத்த டிக்கெட். கேட்கக் கேட்க ஈரியாவின் முகம் சுண்டிப்போயிற்று. தன்னைத் தாங்கின வீட்டில், போகிற நாளும் அதுவுமாக, இப்படி ஒரு காரியம் செய்துவிட்டோமே என்று வாளிகளைக் கீழே வைத்தாள். "மன்னிச்சிருங்க அத்தை. எனக்குத் தெரியாது. நான் போயிடறேன்" என்று திரும்பினாள்.

"நில்லுடி!" வெலிகா எழுந்து அவள் சட்டைக் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு இந்த வீட்ட விட்டு எதுவும் வெளிய போகக்கூடாது. உப்பு போகக்கூடாது, நெருப்பு போகக்கூடாது, உன் கயிறும் போகக்கூடாது. போனா ராசியும் கூடவே போயிரும். வந்தது வந்துட்ட. இனி நீதான் எங்க பொலாஸ்னிக். செய்யறத ஒழுங்கா செய்."

டோன்ச்சோ இதற்குள் ஒரு வாளியில் வால்நட்டையும் இன்னொன்றில் மக்காச்சோளத்தையும் கொட்டிவிட்டான். "இப்ப என்ன? காலி வாளின்னு எவன் சொல்லுவான்?"

"நீ பேசாத. பொண்ணே, கீழ உக்காரு. நீ உக்காந்தாத்தான் கோழி அடைக்கு உக்காரும்."

"எவ்ளோ நேரம் உக்காரணும்?"

"அத கோழியத்தான் கேக்கணும்" என்றான் டோன்ச்சோ.

உட்கார்ந்தாள். பிறகு ஒரு குச்சியைக் கையில் கொடுத்து அடுப்பைக் கிளறச் சொன்னார்கள். கிளறும்போது பறக்கிற பொறியைப் பார்த்து, இத்தனை பொறி, இத்தனை குஞ்சு, இத்தனை பொறி, இத்தனை ஆடு என்று வாழ்த்த வேண்டும். வாழ்நாளில் யாரும் ஈரியாவின் வாயைப் பார்த்துக்கொண்டு இப்படி நின்றதில்லை. குச்சியை விட்டுக் கிளறினாள்.

"இத்தனை பொறி, இத்தனை குஞ்சு! இத்தனை பொறி, இத்தனை ஆட்டுக்குட்டி! இத்தனை தேனீ!"

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார்கள் இருவரும்.

அதோடு அவளுக்குத் தெரிந்த பிராணிகள் தீர்ந்துவிட்டன. ஆனால் நிறுத்த மனமில்லை. இந்த வீட்டுக்குச் செய்த கெடுதலை இப்போதே, இந்தக் குச்சியாலேயே சரிக்கட்டிவிட வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. தெரிந்த வார்த்தையெல்லாம் வாயில் வந்தது. "இத்தனை முட்டைக்கோஸ்! இத்தனை மிளகாய்! இத்தனை டயர்!"

"டயர் வேணும்தான். முன்சக்கரம் ரெண்டும் தேஞ்சு கெடக்கு" என்றான் டோன்ச்சோ.

"சும்மா இருய்யா!"

ஈரியா குச்சியை ஆழமாக விட்டு ஒரு புரட்டுப் புரட்டினாள். கட்டை சரிந்து பொறிகள் கும்பலாக எழும்பின. "இத்தனை பொறி, இத்தனை காலின்!"

வெலிகா முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸையே அதிர வைக்கிற அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் ஏப்ரனைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அத்தன வேணாம்டி" என்றாள் துணிக்குள்ளிருந்து. "ஒண்ணு போதும் எனக்கு."

டோன்ச்சோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஈரியாவுக்கு எதற்கு அழுகிறோம் என்று யோசிக்க நேரமில்லை, அவளும் அழுதாள்.

அந்த நேரம் பார்த்து, தலை வாரி, கோட்டுப் போட்டு, பை நிறைய ரொட்டியோடு வந்து நின்றான் மிரோ. வாசற்படிக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தவனுக்கு, தரையில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது. "என்ன அநியாயம் இது? என் எடத்துல யாரு உக்காந்திருக்கா?"

"உள்ள வா மிரோ. ரெண்டாவது ஆளா வா" என்றாள் வெலிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரெண்டாவதா? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் குளிச்சிட்டு வர்றேன்! ஃப்ரிட்ஜ் ஜெயிச்சவன் நான். என்ன வாசல்ல நிக்க வெச்சிட்டு, வாளி தட்டறவள உள்ள உக்கார வெச்சிருக்கீங்க!" என்று பொருமினான். ஆனால் பணியார வாசனை மூக்கில் ஏறியதும் உள்ளே வந்துவிட்டான். நாலு பேரும் சாப்பிட்டார்கள். இரண்டாவது கோப்பை ஒயினில் கோபம் ஆறியபின், நல்ல எண்ணத்தில்தான் கேட்டான்: "சரி, உங்க வீட்டு ராசிக்கு வேன் எத்தன மணிக்கு?"

வெலிகா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"இல்ல, கேக்கறேன். முதல் கால் வெச்ச ஆளு அன்னைக்கே ஊர விட்டுக் கெளம்பிட்டா, அந்த வருஷம் என்னாகும்? ராசி இங்க இருக்குமா, வேன்ல போகுமா?"

"இதுக்கு முன்னாடி அப்படி நடந்ததில்ல" என்றான் டோன்ச்சோ. "எல்லாம் உள்ளூர் ஆளுங்கதானே வருவாங்க."

ஈரியா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயே இருக்க வேண்டும் என்று அவள் மனம் கூத்தாடியது. கேட்டால் இந்த அத்தை இன்றைக்கு மறுக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மகனுடைய அறையைப் பயம் காட்டி வாங்குவதா?

வெளியே ஹாரன் அடித்தது.

வெலிகா கோட்டுக்கூடப் போடாமல், ஏப்ரனோடு வாசலுக்கு நடந்தாள். வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் தேசி, கையில் போனோடு நின்றாள். வாசகசாலையில் ஆளைக் காணாமல் இங்கே வந்திருந்தாள்.

"தேசி, இன்னைக்கு என்ன நாளு?"

"தெரியும் அத்தை, இக்னாட் நாள். எங்கம்மாவும் இன்னும் கதவு தொறக்கல. அதனாலதான் உங்க படிய மிதிக்காம இங்கயே நிக்கறேன். அவள மட்டும் அனுப்புங்க."

"இந்த வீட்டுக்குள்ள வந்தது எதுவும் இன்னைக்கு வெளிய போகாது."

தேசி பெருமூச்சு விட்டாள். "சரி, உங்களுக்காக நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கும் வராத."

"அத்தை, அவளுக்குச் சூடான ரூம் வேணும். இது என் இஷ்டம் இல்ல, விதி."

"ரூம் இருக்கு."

"எங்க இருக்கு?" என்று கேட்டது தேசி அல்ல, டோன்ச்சோ.

வெலிகா அவனுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே வந்து, அலமாரி மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். "வாடி" என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

"அத்தை, வேணாம். அது காலின் ரூம்."

"அது எனக்குத் தெரியாதா? நீ எனக்குச் சொல்றியா?" அறையைத் திறந்து ஓரமாக நின்றாள். கால்பந்து வீரர்களின் படங்கள், சுவரோரம் ஒரு சைக்கிள், சுருக்கமில்லாத கட்டில். அவள் கை கதவை விடவில்லை. ஒரு நிமிஷம், மறுபடி சாத்திவிடப் போகிறாளோ என்றுகூட ஈரியாவுக்குத் தோன்றியது. "ராசிக்காக இல்ல" என்றாள் வெலிகா. "சரி, ராசிக்காகவும்தான். ஆனா இந்த வீட்டுக்குள்ள அவன் பேரச் சத்தமா சொல்லி ரொம்ப நாளாச்சு. நாங்க ரெண்டு பேரும் சொல்லிக்கறதில்ல. சொன்னா அழுதுருவோம்னு. நீ வந்து கத்தினியே, அடுப்பு வெடிக்கற மாதிரி. உள்ள போ."

ஈரியா உள்ளே போகவில்லை. வெலிகாவைக் கட்டிக்கொண்டு, சொந்த மொழியிலும் அவர்கள் மொழியிலுமாக என்னவெல்லாமோ உளறினாள். பிறகு பாய்ந்து போய்ச் சன்னலைத் திறந்து, "நான் போகல! கச்சேரி உண்டு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அதுவரை இழுத்துப் போர்த்திக் கிடந்த தெருவில் ஒவ்வொரு சன்னலாகத் திறந்தது. எங்கேயோ ஒரு பிள்ளை டின்னைத் தட்ட ஆரம்பித்தது. எதிர்வீட்டில் இன்னொன்று. தேசி காதைப் பொத்திக்கொண்டு, போனில் யாருக்கோ "இடம் கெடச்சிருச்சு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வெலிகா படியில் உட்கார்ந்து, துணிச்சல் வடிந்துவிடும் முன்னே, மகனுக்குப் போன் போட்டாள். அவளுக்கு அதிலும் பஸ் குரல்தான், ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவாள்.

"நல்ல நாள் வாழ்த்தும்மா. மிரோ வந்தானா?"

"அவன் ரெண்டாவதா வந்தான். மொதல்ல வந்தவ வேற. ரெண்டு காலி வாளியோட வந்தா."

"ஐயையோ!"

"உன் ரூம அவளுக்குக் குடுத்துட்டேன்டா."

அந்தப் பக்கம் கிடங்கில் ஏதோ வண்டி பின்னால் நகர்கிற பீப் ஒலி கேட்டது.

"என் ரூமையா?"

"உன் ரூமத்தான். ஆள் இல்லாத கட்டிலுக்கு எத்தன நாள் உறை மாத்துவேன் நான்? கோவம்னா வந்து நேர்ல சண்ட போடு."

"அதில்லம்மா. அப்ப நான் வந்தா எங்க படுக்கறது?"

வெலிகா போனை முகத்துக்கு நேரே பிடித்து அதையே உற்றுப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அவன் லீவைப் பற்றிப் பேசியிருக்கிறான், டிக்கெட் விலையைப் பற்றிப் பேசியிருக்கிறான், மேலதிகாரியைத் திட்டியிருக்கிறான். வந்தால் எங்கே படுப்பது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அடுப்படில, பெஞ்சுல" என்றாள். குரல் பாதிதான் வந்தது. "எப்படா வர்ற?"

"ஈஸ்டருக்கு வர்றேன். அதுக்குள்ள அந்த பெஞ்சையும் யாருக்காவது குடுத்துடாத."